வலது கன்னத்து வெயில்

இராஜாங்கம் அண்ணனுக்கு ஒரு முகம்தான். ஆனால் அந்த முகத்துக்கு இரண்டு வயது. பஸ்ஸுக்கு உள்ளேயிருந்து பார்த்தால் நாற்பத்தைந்து, வெளியே ரோட்டில் நின்று பார்த்தால் எழுபது. எதிரே வருகிற லாரிக்காரன் யாரோ பெரியவர் என்று நினைத்து மரியாதையாகக் கையைத் தூக்குவான். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைகளோ, "டிரைவர் தம்பி, அந்த அரசமரத்துக்கிட்ட நிறுத்துங்க" என்பார்கள். இரண்டு தரப்பும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்.

இதற்குக் காரணம் பட்டுக்கோட்டை–தஞ்சாவூர் ரோடு. காலை ஏழு பத்துக்குப் பட்டுக்கோட்டையில் எடுத்தால் வண்டி வடக்கே போகும். வெயில் கிழக்கே. டிரைவர் உட்காருவது வலது பக்கம். ஆக, ஒரத்தநாடு தாண்டி தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு வரும்வரை சூரியன் அவருடைய வலது கன்னத்தில் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்து வரும். சாயங்காலம் நாலு மணிக்குத் தெற்கே திரும்பினால் வெயில் மேற்கே. மறுபடியும் அதே கன்னம், அதே கை. நடுவில் ஓடுகிற ட்ரிப்பில் இடது பக்கம் அடிக்கும்தான், ஆனால் அது ஜன்னல் சீட்டுக்காரர்கள் பாடு, டிரைவர் வரைக்கும் எட்டாது. இப்படியே இருபத்தாறு வருஷம். வலது கன்னத்தில் ஆரம்பித்து நெற்றிப்பொட்டு வரைக்கும் பழுப்புப் புள்ளிகள். சிலது பச்சைப்பயறு அளவு, கண்ணுக்குக் கீழே இருந்த ஒன்று புளியங்கொட்டை அளவு. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அதே கதை. இடது பக்கம் மாப்பிள்ளை மாதிரி சுத்தம்.

நான் அந்த வண்டியின் கண்டக்டர். பெயர் அல்லா பிச்சை. இருபத்தாறு வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம்.

அண்ணனுடைய அப்பா ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். நாற்றுக்கட்டு சுமந்து, களத்தில் அடித்து, சித்திரை வெயிலில் வாய்க்கால் தூர்வாரி, முதுகுத்தோல் கருகிப்போன மனிதர். பண்ணைக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பாராம். அதைப் பார்த்துத்தான் பதினாலு வயதில் இராஜாங்கம் ஒரு முடிவுக்கு வந்தார்: எந்த வேலை வேண்டுமானாலும் பார்ப்பேன், வெயிலில் மட்டும் நிற்கமாட்டேன். ரைஸ்மில் லாரியில் கிளீனராகப் போய், ஸ்டியரிங் பிடித்து, பஸ்ஸுக்கு வந்தார். ஏன் பஸ் என்று ஒருநாள் கேட்டேன். "மேல கூரை இருக்குல்லய்யா" என்றார். கூரை இருக்கிற இடத்தில் ஜன்னலும் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார், மகளை நர்ஸ் படிக்க வைத்தார், மாடி போட்டு வீடு கட்டினார். ஒரே ஒரு குறை. இருபத்தாறு வருஷத்தில் அவர் கைக்கு ஒரு புது வண்டி வந்ததில்லை. வந்ததெல்லாம் வேறு யாரோ ஓட்டித் தேய்த்த வண்டிகள். சீட்டில் அடுத்தவன் உட்கார்ந்த பள்ளம், கியர் கம்பியில் அடுத்தவன் கை வழவழப்பு. எங்கள் பெரிய முதலாளி படுக்கையில் கிடந்தபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து எடுக்குற புது வண்டி ஒனக்குத்தான்டா" என்று சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். சொல்லி மூன்றாம் மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். மகன் ராகுல் பொறுப்புக்கு வந்தார். வெளியூரில் மேனேஜ்மெண்ட் படித்தவர். நல்ல பிள்ளைதான், கையில் போன் இல்லாத நேரத்தில்.

பங்குனிக் கடைசியில் ராகுல் எங்கள் வண்டியை ஒரு வீடியோ எடுத்தார். இப்போதெல்லாம் பஸ்ஸுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், ஹாரன் சத்தத்துக்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வண்டிக்குச் சமமாக வந்து எடுத்தார். வலது பக்கமாக வந்து எடுத்தார். இடது பக்கம் வந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அன்றைக்கு ராத்திரிக்குள் அதன் கீழே ஒருவன் எழுதிவிட்டான்: "டிரைவர் லீவா? அவரோட தாத்தா ஓட்டுறாரு." அதற்குக் கீழே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசை கட்டி நின்றன. முகமே இல்லாதவனெல்லாம் அடுத்தவன் முகத்தைப் பற்றி எழுத ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

மறுநாள் ஷெட்டில் ராகுல் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கரூர்ல புது வண்டிக்குப் பாடி கட்டிக்கிட்டு இருக்காங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு ரோட்டுக்கு வந்துடும். அதுல கொஞ்சம் ஃப்ரெஷ்ஷான முகமா இருந்தா நல்லாருக்கும்னு பாக்குறேன்."

"ஓட்டுறது கையும் காலும்தானே தம்பி, முகம் எதுக்கு?"

"பிராண்டுண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஷெட்டின் தகரத்தைப் பார்த்தேன். ஃப்ரெஷ்ஷான முகம் யார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஸ்பேர் டிரைவர் பரிதி. இருபத்தேழு வயது. காதுக்கு மேலே கோடு போட்டு வெட்டிய தலை. அவன் கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். பாவி, பார்க்கும்போதெல்லாம் "சாப்டீங்களாண்ணே" என்று கேட்பவன்.

"இந்தப் புள்ளியெல்லாம் போயிட்டா?" என்று கேட்டார் அண்ணன்.

"போயிட்டா பாக்கலாம்ணே."

அந்த 'பாக்கலாம்' என்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நாலு மாதம் தொங்கினார். புள்ளி போக வேண்டும், அதுவும் ஆடிப்பெருக்குக்குள் போக வேண்டும். போனால் புது வண்டி. போகாவிட்டால் பழைய வண்டியோடு சேர்த்து அவரையும் ஓரம் கட்டிவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஓரம் கட்டினால் திரும்ப நடு ரோட்டுக்கு வர முடியாது.

எங்கள் வண்டியில் ஐம்பத்திரண்டு சீட்டு. விஷயம் வெளியே கசிந்ததும் ஐம்பத்திரண்டிலும் டாக்டர்கள் உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. பூக்கட்டிக்கொண்டே வருகிற அம்மா கஸ்தூரி மஞ்சள் என்றார். ஓய்வுபெற்ற சர்வேயர் பப்பாளிப் பழம் என்றார், அதையும் ஏதோ பட்டா மாற்றம் சொல்வது மாதிரி நாலு படியாகச் சொன்னார். ஒருத்தர் உருளைக்கிழங்குச் சாறு, ஒருத்தர் கற்றாழை, ஒருத்தர் புளித்த தயிர். யாராவது ஒருத்தர் 'தெரியாது' என்று சொன்னாரா? சொல்லமாட்டார்கள். நம் ஜனங்களுக்கு ஊர் பேர் தெரியாத இடத்துக்கு வழி கேட்டாலும் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அண்ணன் எல்லாவற்றையும் பூசினார். மஞ்சள் பூசி வந்த அன்று ஒரு ஆத்தா ஏறும்போதே அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டு ஏறினாள். தயிர் பூசிய அன்று வண்டிக்குள் அடித்த வாடைக்கு, யார் வீட்டுச் சோற்றுமூட்டை அவிழ்ந்தது என்று ஒரு சண்டையே நடந்தது.

இதில் பூசக்கூடாததாக ஒன்றைப் பூசினார். எலுமிச்சம்பழம். 'பிழிஞ்சு தேய்ச்சா கறையெல்லாம் போயிடும்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள், பித்தளைக் குடத்துக்குச் சொல்லவேண்டியதை. மற்றவர்கள் பூசினால் வீட்டு நிழலில் உட்கார்ந்து பூசுவார்கள். நம்மாள் சாயங்காலம் நாலு மணி ட்ரிப்புக்கு ஐந்து நிமிஷம் முன்னால் தஞ்சாவூர் ஸ்டாண்டில் ஒரு பழத்தை வெட்டி, கன்னம், கழுத்து, கை என்று சொட்டச் சொட்டத் தேய்த்துக்கொண்டு, நேரே மேற்கு வெயிலுக்குக் கன்னத்தைக் கொடுத்தபடி பட்டுக்கோட்டை வரைக்கும் ஓட்டி வந்தார். சாறு காயக் காய எரிந்திருக்கிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். இரண்டு நாளில் தோல் சிவந்து, நாலாம் நாள் பழைய புள்ளிகள் அப்படியே இருக்க, சாறு வழிந்த இடமெல்லாம் புதிதாகக் கறுத்துவிட்டது. கன்னத்திலிருந்து கழுத்து வரை, கல்லணையில் ஆறு பிரிகிற மாதிரி நாலு கோடு.

"காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு. நாலும் வந்துடுச்சுண்ணே. தண்ணி எப்ப திறக்குறாங்க?" என்று கேட்டேன்.

"வாய மூடுறியா, இல்ல இங்கயே இறக்கி விடவா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் ட்யூப். தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடை. எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் எந்தக் கடையாகவும் இருக்கலாம். கடைக்காரர் அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கிழிந்த நோட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லை அவருக்கு. "மூணு மருந்து ஒண்ணா சேர்ந்தது. அஞ்சே நாள்" என்று ஒரு ட்யூபை வைத்தார். டாக்டர் சீட்டு வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "நீங்க என்ன டிக்கெட் செக்கிங்கா?" என்றார். நானே பத்துப் பேரை அப்படிக் கேட்டு வாயை அடைத்தவன். எனக்கே அடி.

ட்யூப் வேலை செய்தது. அதுதான் கொடுமை. பத்து நாளில் புள்ளிகள் மங்கின, நாலு ஆறும் வற்றின, இரண்டு வாரத்தில் வலது கன்னம் வெளுத்துப் பளபளத்தது. அண்ணன் ஒரு பக்கத்துக்குத்தானே பூசினார்? இப்போது வலது பக்கம் நாற்பது ஆகி, இடது பக்கம் அதற்குப் பெரியண்ணன் மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் பின்பார்வைக் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வீல் அலைன்மெண்ட் பார்க்கிறவர் தோரணையில், "லெஃப்ட்லயும் கொஞ்சம் போட்டு சமம் பண்ணணும்" என்றார். இடது பக்கமும் போட்டார். ராகுல் பார்த்துவிட்டு, "அண்ணே, சூப்பர்ணே" என்றார். அன்றைக்கு ஒரத்தநாட்டில் எனக்கு டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தார் அண்ணன். வடை சாப்பிட்டபோது நானும் ட்யூபை நம்பினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வைகாசி நடுவில் முகம் சிவக்க ஆரம்பித்தது. காலை வெயில் பட்டதும் சுண்டிவிட்ட மாதிரி எரிச்சல். சின்னச் சின்னப் பரு. தோல் மெலிந்து, உள்ளே ஓடுகிற சிவப்பு நரம்பெல்லாம் தெரிந்தது. கன்னத்து மேட்டில், முடி முளைக்க வேலையே இல்லாத இடத்தில், பூனை முடி. ட்யூபை நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பானது, போட்டால் அடங்கியது. அதனால் போட்டார். போடப்போட இன்னும் சிவந்தது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி நீலாம்பாள் அக்கா அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தது. வாங்கிய நிலத்தைப் பார்த்துக்கொள்வது அக்காதான். நாற்றங்கால் விடுவதிலிருந்து அறுப்பு மெஷினுக்கு வரப்பு வெட்டிவிடுவது வரை எல்லாம் அது. முகத்தில் இரண்டு பக்கமும் புள்ளி, இரண்டு கையிலும் புள்ளி.

"ஏங்க, பிச்சை அண்ணனும் வந்துருக்காங்க, அவங்களையும் வச்சுக்கிட்டே கேக்குறேன்" என்றது அக்கா. "எனக்கு ரெண்டு பக்கமும் கிடக்கு. என்னைய யாரும் எந்த வயல்லேருந்தும் எறங்கிப் போகச் சொல்லலையே. ஒங்களுக்கு மட்டும் என்ன?"

"நீ ஓட்டுற வயலுக்கு வீடியோ எடுக்குறாங்களா?"

"எடுத்தா எடுத்தவன் போனு வாய்க்கால்ல கெடக்கும். எந்திரிங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு உருப்படியான டாக்டரப் பாத்துட்டு வாங்க."

போனோம். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, பெஞ்சில் உட்கார்ந்து, பதினொரு மணிக்கு உள்ளே போனோம். டாக்டரம்மா பெயர் செம்மொழி. முப்பது வயதுதான் இருக்கும். அண்ணன் சொல்வதை நடுவில் வெட்டாமல் முழுசாகக் கேட்டார். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. ட்யூபை வாங்கிப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"ஐயா, இதுல ஸ்டீராய்டு இருக்கு. டாக்டர் சொல்லாம இதை முகத்துல போடவே கூடாது. போட்ட ரெண்டு வாரம் அழகா காட்டும், அப்புறம் தோலையே தின்னுடும். இதை எப்படி நிறுத்துறதுன்னு நான் எழுதித் தர்றேன், அதுபடிதான் செய்யணும்."

"எலுமிச்சம்பழம்?"

"எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தா தோல் வெந்து கறுத்துப் போயிடும். வெயில்ல உட்கார்ந்தா பூசினீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்லாமல் இருப்பேனா? "பட்டுக்கோட்டை வரைக்கும்" என்றேன்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஒரு சின்ன லென்ஸை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். "பயப்பட ஒண்ணும் இல்ல. இது வயசும் வெயிலும் சேர்ந்து போடுற புள்ளி. நோய் இல்ல. ஏதாவது ஒண்ணு திடீர்னு பெருசானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் வந்தாலோ உடனே வந்து காட்டணும். முதல்ல முகம் ஆறட்டும். முழுக்கைச் சட்டை போடுங்க. ஜன்னல்ல சட்டப்படி என்ன மறைப்பு வைக்கலாமோ வையுங்க. சன்ஸ்கிரீன் எழுதித் தர்றேன், காலையில ஒரு தடவை, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆறு மாசம் பொறுமையா இருந்தா மங்கும். வேணும்னா அப்புறம் குளிர வச்சு எடுக்குற வழி இருக்கு, லேசர் இருக்கு. ஆனா வெயில மறைக்காம எதைச் செஞ்சாலும் திரும்ப வந்துடும்."

"ஆடிப்பெருக்குக்குள்ள போகாதா டாக்டரம்மா?"

"எந்த வருஷத்து ஆடிப்பெருக்கு?"

அண்ணன் முகம் தொங்கிப்போனது. டாக்டர், அவர் வலது கண்ணுக்குக் கீழே இருந்த அந்தப் புளியங்கொட்டைப் புள்ளியைப் பார்க்க, டார்ச்சை அடித்துக் குனிந்தார். புள்ளியைப் பார்க்கவேண்டியவர் அதற்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையால் அண்ணனுடைய இடது கண்ணை மூடினார். மற்றொரு கையை நீட்டினார்.

"எத்தனை விரல் காட்டுறேன், சொல்லுங்க."

"மூணு" என்றார் அண்ணன், யோசிக்காமல்.

அந்தக் கை மூடியிருந்தது. ஒரு விரல்கூட வெளியே இல்லை.

"வலது கண்ணுல புரை நல்லா முத்திப் போயிருக்குய்யா" என்றார் டாக்டர், மெதுவாக. "வயசாலதான் வரும், வெயிலும் சேர்ந்து சீக்கிரம் கொண்டு வந்திருக்கலாம். ஆபரேஷன் பண்ணினா பார்வை வந்துடும், கண் பிரிவு பக்கத்து பில்டிங்தான், இப்பவே சீட்டு எழுதித் தர்றேன். ஆனா அதுவரைக்கும் நீங்க பஸ் ஓட்டக்கூடாது. இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீங்க?"

எப்படி ஓட்டினார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. ஒரு வருஷமாக நான் முன்படியிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, ரைட்ல பைக்கு", "ரைட்ல ஆடு", "ரைட்ல கிழவி" என்று கத்திக்கொண்டு வந்திருக்கிறேன். வலது கண்ணாடியைப் பார்க்க அவர் கழுத்தையே முழுசாகத் திருப்புவார், அதை ஸ்டைல் என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கண் சான்றிதழ் கொடுத்த ஒரு மகானுபாவன், தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போட்டான், கண்ணைப் பார்க்காமல் கண்ணுக்குச் சான்று. அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஊரே அவர் கன்னத்தைப் பார்த்தது, நானும் கன்னத்தைப் பார்த்தேன். அதற்கு ஒரு அங்குலம் மேலே ஒருத்தரும் பார்க்கவில்லை. அல்லாவே, ஐம்பத்திரண்டு சீட்டு, நிற்கிறவர்கள் வேறு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் அண்ணன் சொன்னார்: "பிச்சை, யாருக்கும் சொல்லிடாத. ஆடிப்பெருக்கு முடியட்டும். புது வண்டிய என் பேருக்குப் போட்டுட்டானா, மறுநாளே ஆபரேஷனுக்குப் போயிடுறேன். இப்பப் போனா வண்டி அவன் கைக்குப் போயிடும். ஒரு மாசம்தான்யா. நீதான் பக்கத்துல நின்னு சொல்றியே."

"டாக்டர் ஓட்டக்கூடாதுன்னாங்கண்ணே."

"டாக்டருக்கு ரோடு தெரியுமா? எனக்குக் கண்ண மூடினாலும் தெரியும்."

மூடித்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் தாடை நடுங்கியதைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

மறுநாள் காலை ஏழு பத்து. பட்டுக்கோட்டை ஸ்டாண்டு. வண்டி நிறைந்துவிட்டது. அண்ணன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். வெளி ஆட்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. பஸ்ஸை டிரைவர் ஓட்டுவதால் ஓடுகிறது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கண்டக்டர் விசில் அடித்தால்தான் ஓடும். அது வரைக்கும் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் வண்டி நிற்கிற வண்டிதான். நான் விசிலை வாயில் வைக்கவில்லை.

ஏழு பதினொன்று. "ஏம்ப்பா, டைம் ஆச்சு" என்றார் அண்ணன், திரும்பாமல்.

பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். அடுத்த டைம் அவனுடையது, எடுக்காவிட்டால் அடிக்கவே வருவான். ஏழு பதின்மூன்று. "யோவ் கண்டக்டரே, தூங்கிட்டியா?" என்றது நடு சீட்டு. "காலேஜுக்கு லேட்டாவுதுங்க" என்றது பின் சீட்டு. அண்ணன் எழுந்து, முழு உடம்பையும் திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் என் மானம். என்னுடையது போகட்டும் என்று நின்றேன்.

"விசில் குடு பிச்சை."

"மாட்டேண்ணே."

"ஒரு ட்ரிப்பு."

"ஒரு ட்ரிப்பும் இல்லண்ணே."

எஞ்சின் நின்றது. சாவியை உருவிக்கொண்டு டிரைவர் கதவு வழியாக இறங்கினார். சுற்றிக்கொண்டு வந்து, டீக்கடையில் நின்ற பரிதியின் கையில் சாவியை வைத்தார். அவன் ஒன்றும் புரியாமல், "சாப்டீங்களாண்ணே?" என்றான். அண்ணன் என்னிடம் வந்தார். சத்தமே இல்லாமல் சொன்னார்: "இருபத்தாறு வருஷம் என் முதுகுக்குப் பின்னாலயே நின்னியேடா. கடைசியில முதுகுலயே குத்திட்டியே."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். அன்றைக்குப் பரிதிக்கு விசில் அடித்துக்கொண்டு போனேன். ஒரத்தநாட்டில் டீ இறங்கவில்லை.

நீலாம்பாள் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அக்கா மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. ஆனியில் ஆபரேஷன் நடந்தது. மூன்று தடவை பார்க்கப் போனேன். மூன்று தடவையும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் காப்பி கொடுத்தது, குடித்துவிட்டு வந்தேன்.

ஆடிப்பெருக்கு அன்று தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையோரம் புது வண்டிக்குப் பூஜை. வாழை மரம் கட்டி, மாலை போட்டு, பரிதி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். அண்ணன் வந்திருந்தார். முழுக்கைச் சட்டை, முகம் முழுக்க வெள்ளையாகச் சன்ஸ்கிரீன், அதற்கு மேலே ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. கூட்டத்துக்கு ஒதுங்கி, புது வண்டியின் பக்கத்தில் ஒரு கையை வைத்தபடி நின்றார், அவ்வளவுதான். ராகுல் அதையும் வீடியோ எடுத்தார். போன் இருக்கிறதே.

அந்த வீடியோ பற்றிக்கொண்டது. "யாருய்யா இந்தத் தல?" "கண்ணாடி மாஸ்." "இவரு ஓட்டுனா பட்டுக்கோட்டைக்கு என்ன, காசிக்கே போவேன்." வாயில் நுழையாத எண்ணிக்கையில் பார்த்தார்கள். நாலு மாதம் மஞ்சள், பப்பாளி, தயிர், எலுமிச்சை, ட்யூப் எல்லாம் சேர்ந்து செய்யாததை, கண்ணை மறைக்கக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி ஒரே நாளில் செய்துவிட்டது. பிராண்டு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ராகுல் நேரே அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார். "அண்ணே, இதே கண்ணாடியோட புது வண்டியில உட்காருங்க. பரிதிய பழைய வண்டிக்குப் போட்டுக்கலாம்" என்றாராம். அக்காதான் எனக்குச் சொன்னது. அண்ணன் சொன்ன பதிலையும் சொன்னது: "கண்ணாடிக்காக வரமாட்டேன் தம்பி. கண்ணு டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் குடுக்கட்டும், அப்ப வர்றேன்."

ஆவணி முதல் வாரத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஏழு பத்து வண்டி. நான் முன்படியில் நின்றேன். டிரைவர் கதவைத் திறந்து அண்ணன் ஏறினார். கறுப்புக் கண்ணாடி இல்லை, அதைப் போடும் காலம் முடிந்துவிட்டது. ராகுலுக்கு அதில் வருத்தம்தான். முகச் சிவப்பு ஆறியிருந்தது. புள்ளிகள் அங்கேயே இருந்தன, ஒன்றிரண்டு மங்கியிருந்தன, மற்றவை மங்குவதற்கு அவசரமில்லை என்று உட்கார்ந்திருந்தன. புது வண்டியின் இன்னும் பள்ளம் விழாத சீட்டில் உட்கார்ந்தார். கியர் கம்பியைத் தடவினார். உள் கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "யம்மாடி, இவ்வளவு புள்ளியா இருந்துச்சு?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். அதில் அவர் இரண்டு கண்ணும் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"யோவ் பிச்சை."

"என்னண்ணே?" என்றேன்.

"நீ எப்பய்யா இவ்வளவு கிழவன் ஆன?"

முன் சீட்டுகள் எல்லாம் சிரித்தன. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு விசில் அடித்தேன்.